குதிரைப் பெட்டிக்கு ஒரு வண்டி

சும்மா கிடைத்தது என்று யாராவது எதையாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்போதெல்லாம் அதன் பின்னால் என்ன வரப்போகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கு அப்படிச் சும்மா வந்தது ஒரு குதிரைப் பெட்டி. வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, கூரையும் பின்கதவும் உள்ள ரெண்டு சக்கரப் பெட்டி. ஒரு குதிரை உள்ளே ஏறி நிற்கலாம். எங்கள் மலையில் கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முதலாளியின் மகன் குதிரை ஆசை வந்து பெங்களூரிலிருந்து அதை வரவழைத்திருந்தார். ஆசை போனதும் குதிரையை விற்றுவிட்டுப் பெட்டியைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என் மச்சாண்டார், என் கணவரின் அண்ணன். "வேணும்னா எடுத்துக்குங்க" என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எஸ்டேட்டையே அவர் பேருக்கு எழுதி வைத்துவிட்ட மாதிரி அன்றைக்கு வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். என் கணவர் நல்ல மனிதர், ஆனால் அண்ணன் எதிரில் அவருக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

குதிரை எங்களிடம் முன்பே இருந்தது. ஏரிக்கரையில் டூரிஸ்டுகளை ஏற்றி ஒரு சுற்றுப் போய்வருவதுதான் என் கணவரின் பிழைப்பு. ஒரு காலத்தில் லாயத்தில் மூன்று நின்றன. கொரோனா வந்து ஏரிப்பக்கம் ஈ காக்கை இல்லாமல் போனபோது ரெண்டு கைமாறிப் போயின. வெள்ளைக் குதிரையை மட்டும் நான் விடவில்லை. பார்க்க வந்தவனைப் பேசிப் பேசியே ஓட்டிவிட்டேன். குட்டியாக வந்ததிலிருந்து அவளுக்குக் கொள்ளு வேகவைத்துக் கொடுத்தவள் நான். சவாரிக்கு வரும் பிள்ளைகள் தினமும் அவளுக்கு ஒரு புதுப் பெயர் வைப்பார்கள், சாயங்காலம் பஸ் ஏறும்போது மறந்துவிடுவார்கள். நான் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன்.

இப்போது சேலத்தில் கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்குவது வழக்கமாகிவிட்டது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. முகூர்த்த மாதங்களில் எங்களுக்கும் அழைப்பு வரும். அப்போதெல்லாம் என் கணவர் முந்தின நாளே அவளைக் கயிற்றில் பிடித்து மலைப்பாதையில் நடத்திக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்குவார். அவளுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். பஸ் ஹாரன் கேட்டால் தானே ஓரம் கட்டி நிற்பாள். பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்தது. பெட்டியும் வந்தது. பெட்டியை இழுக்க ஒரு பிக்கப் வண்டி வாங்கிவிட்டால் குதிரைக்கும் நடை மிச்சம், தம்பிக்கும் நடை மிச்சம் என்று மச்சாண்டார் முடிவு கட்டினார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கணவரின் முழங்காலில் நான்தான் தினமும் தைலம் தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த வலி? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் கீழே போய்விட்டு நான்கு காலும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஏற்ற வண்டியாக இருக்க வேண்டும்.

வண்டி தேடுகிற படலம் தொடங்கியது. சின்ன வண்டியான குட்டியானை பெட்டியைப் பார்த்த உடனேயே கழித்துக் கட்டப்பட்டது. கடைசியில் ரெண்டு வண்டி மிஞ்சின. ஒன்று, சேலத்தில் ஒரு காய்கறி வியாபாரியிடம் இருந்த பழைய பிக்கப். நீலப் பெயிண்ட் உதிர்ந்து, முன்பக்கம் நசுங்கி, கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் நீளமான வண்டி, கனமான வண்டி. பின்பக்கம் நாலு பேர் குதித்தாலும் அசையாமல் நின்றது. வியாபாரியே ஒளிக்காமல் சொன்னார்: "வேகம் போவாதுங்க. ஆனா எங்க நிறுத்தறீங்களோ அங்க நிக்குமுங்க." அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அந்த வண்டியைப் பிடித்துவிட்டது.

இன்னொன்று, ஒரு ரிசார்ட்டில் ஓடிய நாலு கதவு பிக்கப். முன்னால் ரெண்டு பேர், பின்சீட்டில் மூன்று பேர், அதற்குப் பின்னால் சாமான் போட ஒரு தொட்டி. வெள்ளை நிறம், பளபளப்பு, பாட்டு, கதவுக்குக் கதவு கண்ணாடி ஏற்ற பட்டன். பின்பக்கத்தில் கையை ஊன்றினால் தொட்டில் மாதிரி ஆடியது. நான் ஊன்றிப் பார்த்தேன்.

"ஏனுங்க மாமா, இது இப்பிடி ஆடுதே?" என்று கேட்டேன்.

"அது சொகுசுக்கு அம்மிணி. உக்காந்து பாரு, நோவாது" என்றார் மச்சாண்டார்.

"நோவறது எனக்கில்லீங்களே. பின்னால நிக்கறவளுக்கு?"

அவர் சிரித்தார். "கல்யாண ஊட்டுக்காரங்க குதிரைய அப்பறந்தான் பாப்பாங்க. மொதல்ல வண்டியத்தான் பாப்பாங்க. அந்த நீல வண்டில போய் எறங்குனா முட்டைக்கோசு வந்துருச்சுன்னு சமையக்கட்டுப் பக்கம் போவச் சொல்லுவாங்க."

என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் குதிரைக்காரர். சவாரிக்கு ஏறுகிற ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் குதிரைக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர். அவர் சிரித்திருக்கக் கூடாது.

நான் விடாமல் நச்சரித்ததால் சோதித்துப் பார்ப்போம் என்றார்கள். "கண்ணுவ ஏத்திக் கொஞ்ச தூரம் போய்ப் பாக்கலாமுங்க" என்றேன். மச்சாண்டாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வாங்காத வண்டியில் குதிரையை ஏற்றி, அது உதைத்து எதையாவது உடைத்து வைத்தால் யார் பதில் சொல்வது? குதிரை எடைக்கு மூட்டை ஏற்றிப் பார்த்தால் போதும் என்றார்.

மூட்டை என்பது அவருக்கு ஒரு கணக்கு மட்டுமல்ல, ஒரு மதம். ஆயுள் முழுக்கக் காப்பி மூட்டைக்குத் தராசு பிடித்த மனிதர். பலாப்பழமானாலும் பீரோவானாலும் எத்தனை மூட்டை தேறும் என்றுதான் பார்ப்பார். நான் கல்யாணமாகி வந்து இறங்கிய அன்று, "பொண்ணு ஒரு மூட்டை தேறாது" என்று பந்தியில் சொன்னவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் புதுப்பெண் என்பதால் சிரித்து வைத்தேன். இப்போது லாயத்துக்கு வந்து அவளைக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் பார்த்து, "ஏழு மூட்டை" என்றார். அவள் ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

பளபளப்பு வண்டியைச் சோதனைக்குக் கேட்டு வாங்கி வந்தார்கள். ஏழு மூட்டைக் காப்பிக்கொட்டையை வண்டியின் தொட்டியில் ஏற்றினார்கள். பின்னால் காலிப் பெட்டியைக் கட்டினார்கள். நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அடிவாரம் வரை இறங்கினோம். அங்கே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, மூட்டைகளைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பெட்டிக்குள் படுக்கப் போட்டுக் கட்டினார்கள். பிறகு மலையேறத் தொடங்கினார்கள்.

இறங்கும்போது மூட்டை வண்டியில். ஏறும்போது மூட்டை பெட்டியில். எனக்கு இது உறைத்தது, கேட்டேன். "ஏனுங்க மாமா, எறங்கறப்பவே பெட்டில போட்டு எறங்கியிருக்கலாமுங்களே? கண்ணு மொதல்ல கீழதான போவோணும்?"

"எறங்கறதுக்கு என்ன அம்மிணி, எந்த வண்டியும் எறங்கும். கல்லக் கூட உருட்டி உட்டா எறங்கும். ஏறுமா, அதான் கேள்வி."

மலைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு. எங்கள் ஊரில் யார் புது வண்டி வாங்கினாலும் முதல் கேள்வி, "ஏறுதா?" பைக் வாங்கினாலும் அதுதான், பஸ் புதிதாக விட்டாலும் அதுதான். வெள்ளக்கடை மாதிரி மலைக்கிராமங்களிலிருந்து காப்பியும் பலாவும் ஏற்றிப் பழகியவர்கள், ஏற்றத்தில் மூச்சுத் திணறுகிற வண்டியை மனிதனைவிடக் கேவலமாகப் பேசுவார்கள். என் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

வண்டி ஏறியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மச்சாண்டார் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "அசையுதா பாரு? அசையுதா?" என்று கத்திக்கொண்டு வந்தார். அசையவில்லை. மூட்டை எதற்கு அசையப்போகிறது? அது கட்டிப்போட்டால் கட்டிப்போட்ட இடத்தில் படுத்துக் கிடக்கும். அதற்குக் காலில்லை, பயமில்லை. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காது. மேலே வந்து சேர்ந்ததும் மூட்டைகளை இறக்கி எண்ணிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வெள்ளை வண்டியே வீட்டுக்கு வந்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சேர்வராயன் கோயில் திருநீற்றைக் கண்ணாடியில் பூசிக்கொண்டார்கள்.

அந்த வைகாசியில் முதல் கல்யாணம் வந்தது. வெல்லத்தைக் காட்டிக் காட்டி நான்தான் அவளைப் பெட்டியில் ஏற்றினேன். நான் கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வருவாள். கணவர் வண்டியை ஓட்டினார், பக்கத்தில் மச்சாண்டார். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. வளைவில் வண்டி திரும்பும்போது உள்ளே அவள் காலை மாற்றி வைப்பாள், மொத்த எடையும் ஒரு பக்கம் சாயும். பெட்டி ஆடும், அது ஆட வண்டியின் பின்பக்கமும் ஆடும். அந்த ஆட்டத்தில் அவள் இன்னும் பயந்து மறுபக்கம் சாய்வாள். பலகையில் குளம்பு படுகிற சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது.

"நிறுத்துங்க" என்றேன்.

"அப்பிடித்தான் அம்மிணி, பழகிக்கும்" என்றார் மச்சாண்டார்.

"ஏனுங்க, நிறுத்துங்க" என்று என் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அண்ணனைப் பார்த்தார்.

அடுத்த வளைவில் எதிரே பஸ் வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கப் பார்த்தது, பெட்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளியது போல வண்டியின் பின்பக்கம் ஒதுங்கிப் போனது. பெட்டி குறுக்கே திரும்பி, சாலையோரச் சுவரில் மோதி நின்றது. பஸ்காரர் நிறுத்திவிட்டார், அவர் நன்றாக இருக்கட்டும். எங்களில் யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

பின்கதவைத் திறந்து நான் உள்ளே போனேன். அவள் முன்னங்கால் மடங்கி விழுந்து கிடந்தாள். கயிறு கழுத்தை இறுக்கியிருந்தது. கண் வெள்ளையாகத் திரும்பியிருந்தது. கணவரின் பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்து, "கண்ணு, ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி எழுப்பினேன். ரெண்டு முட்டியிலும் தோல் வழித்துக்கொண்டு போய் ரத்தம் குளம்பு வரைக்கும் வழிந்தது. வெள்ளைக் குதிரையில் ரத்தம் எப்படித் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு முறியாததுதான் மிச்சம்.

மச்சாண்டார் அப்போது பெட்டியின் நசுங்கிய மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "கல்யாணத்துக்கு வாக்குக் குடுத்தாச்சே" என்றார்.

பெட்டியை ஓரமாகக் கழற்றிவிட்டு அண்ணனும் தம்பியும் வண்டியில் கீழே போனார்கள், சொல்லிவிட்டு வர. நான் அவளைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். அவள் நொண்டினாள். ஒவ்வொரு வாகனம் கடக்கும்போதும் உடம்பு முழுக்க நடுங்கினாள். ஹாரனுக்குத் தானாகவே ஓரம் கட்டியவள், அன்றைக்கு என்மேல் வந்து ஒண்டினாள்.

அவர்கள் பெட்டியையும் கட்டி இழுத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்கள். குதிரை இல்லை என்றதும் மாப்பிள்ளையின் நண்பர்கள் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். பூமாலை சுற்றி, கலர் விளக்குப் போட்டு, மாப்பிள்ளையைப் பின்தொட்டியில் நிற்க வைத்து ஊர்வலம் நடத்திவிட்டார்கள். எல்லோருக்கும் நொம்பப் பிடித்துப் போயிற்று. "குதிரைய விட எடுப்பா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்று மச்சாண்டார் என்னிடமே சொன்னார். நான் அவள் முட்டிக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரை வந்ததை விழுங்கினேன். விழுங்கியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வண்டிக்குக் கல்யாணம் குவிந்தது. மாப்பிள்ளைகள் தொட்டியில் நின்றார்கள். இடைநாட்களில் ரிசார்ட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். என் கணவர் ஏரிக்கரைக்குப் போவதையே விட்டுவிட்டார். முழங்கால் வலிக்கு டிரைவர் சீட் சுகமாக இருந்தது. அவர் மேல் அதற்காகக் கோபப்பட எனக்கு உரிமையில்லைதான். ஆனாலும் கோபம் வந்தது.

அவள் முட்டி ஆறியது. ஆறிய இடத்தில் முடி முளைக்கவில்லை, கறுத்து வழவழவென்று ஆகிவிட்டது. பெட்டி இருக்கிற பக்கம் தலையைத் திருப்பமாட்டாள். எஞ்சின் சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்காது. அப்படிப்பட்ட குதிரையில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? நான்தான் அவளை ஏரிப்பக்கம் ரெண்டொரு முறை கூட்டிப்போய்ப் பார்த்தேன். ஒரு வேன் ஸ்டார்ட் ஆனதும் கயிற்றை என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினாள். அதோடு சரி.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. வண்டி வாசலில் நனைந்துகொண்டு நின்றது. மச்சாண்டார் அதன்மேல் பாலித்தீன் போர்த்திப் பார்த்தார், மூலைக்கு மூலை கல் வைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் வண்டி நுழைகிற அளவுக்குக் கூரை போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் அவள் நின்றாள்.

"சம்பாரிக்கற வண்டி மழைல நனையுது. நிக்கற குதிரை கூரைக்குள்ள நிக்குது. இது எந்த ஊரு நியாயம் அம்மிணி?" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்தார்.

அவளை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. நான் சண்டை போட்டேன். அழுதேன். சமைக்காமல் கிடந்தேன். போன தடவை மாதிரி பேசி ஓட்டுவதற்கு இந்தத் தடவை வாங்குகிறவர் வாசலுக்கே வரவில்லை, எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. மலைக்குக் கீழே ஒரு கிராமத்தில் கோயில் ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருக்கிறவராம். அடிவாரத்தில் கொண்டுவந்து விட்டால் போதும் என்றாராம்.

விடியும்போது கிளம்பினோம். அவள் வண்டியில் ஏறமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்தான் நடத்திக்கொண்டு போவது என்று ஆயிற்று. மச்சாண்டார் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. பாதி வழியில் கால் சலித்தால் ஏறிக்கொள்வாள் என்று, காலிப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு பின்னாலேயே வரச் சொன்னார். சத்தம் கேட்டால் மிரளுவாள், ஒரு வளைவு தள்ளி வாருங்கள் என்று நான் கத்திய பிறகு பின்தங்கினார்கள்.

பனி இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்தது. அவள் என் தோளை ஒட்டியே நடந்தாள். அந்தச் சுவர் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் நின்று, பிறகு அவளாகவே நடந்தாள். ஒரு வளைவில் கூடத் தடுமாறவில்லை. நான்கு காலும் நல்லபடியாகத்தான் இறங்கின. பெட்டியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், இப்படியே நான் எத்தனை கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் அவளை நடத்திக்கொண்டு போயிருப்பேன். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது அன்றைக்குத்தான் தோன்றியது.

அடிவாரத்தில் அவளை வாங்குகிறவர் காத்திருந்தார். ஒரு பழைய மொபெட்டில் வந்திருந்தார், கையில் ஒரு கயிறு. எஞ்சின் சத்தத்துக்கு மிரளுவாள் என்று சொன்னேன்.

"பரவால்லீங்கக்கா, தள்ளிக்கிட்டே நடந்து போறனுங்க. பக்கந்தானுங்க" என்றார்.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அது இன்னும் கசந்தது. திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கலாம். மடியில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை அவள் வாயில் வைத்தேன். ஒரு கையில் மொபெட்டும் ஒரு கையில் கயிறுமாக அவர் நடக்க, அவள் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது பின்னாலேயே வந்த வண்டி அங்கே இல்லை. பக்கத்துக் கடையில் நின்றிருந்தது. மலைக்கு ஏறும்போது காலியாக ஏன் ஏற வேண்டும் என்று மச்சாண்டார் பெட்டிக்குள் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லாயம் மண் தரை. வண்டி நிறுத்துவதற்குத் தளம் போட வேண்டுமாம். எத்தனை மூட்டை என்று நான் எண்ணவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கையில் வெல்லத்தின் பிசுபிசுப்பும் அவள் எச்சிலும் இருந்தன.

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு வளைவிலும் அது மூச்சு வாங்காமல் ஏறியது. பெட்டி கொஞ்சமும் ஆடவில்லை. மச்சாண்டாருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாத்தியா அம்மிணி, எப்பிடி ஏறுது!"

"மூட்டைதானுங்களே மாமா," என்றேன். "ஏறும்."